சோற்றின் மேல் இறங்கும் கோபம்

2025 மார்ச்சில் கேரளத்தில் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் சாப்பாட்டைத் தவிர்த்துவந்தவர் அவர். யூடியூப் பார்த்து உணவுக் கட்டுப்பாட்டில் இறங்கினார் என்று செய்திகள் கூறின. இரண்டு நாள் எல்லோரும் யூடியூபைக் குறைசொன்னோம். பிறகு வேறு செய்திக்கு நகர்ந்துவிட்டோம். அவர் என்ன சாப்பிட்டார், எத்தனை கிலோ இருந்தார் என்றெல்லாம் பேசிய நாம், அந்த மாதங்களில் அவருடைய மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்கவே இல்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். பெண்கள் சாப்பாட்டை ஒதுக்குவது, அடக்க முடியாமல் அள்ளி அள்ளிச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வலிந்து வாந்தியெடுப்பது ஆகியவற்றை உளவியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்துவருகிறார்கள். சொல்ல இடமில்லாமல் போன கோபமும் பயமும் அவமானமும் பலருக்குச் சாப்பாட்டுத் தட்டில் வந்து இறங்குகின்றன என்பதை அந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இதை அறியாமல் ‘ஒழுங்கா சாப்பிடு’ என்று அதட்டுகிறோம். ‘வாயைக் கட்டு’ என்று அறிவுரை சொல்கிறோம். இரண்டுமே நோயை முற்றவைக்கக்கூடியவை.

வயிறு பேசும் மொழி

இதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்குத் தனிப் பாடம் வேண்டியதில்லை. நம் பேச்சில் உணர்ச்சிகள் பாதி வயிற்றில்தான் குடியிருக்கின்றன. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அநியாயத்தைக் கண்டால் வயிறு எரிகிறது. தேடிப்போன பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கிறது. ‘யார் மேலயோ இருக்கற கோபத்தைச் சோத்து மேல காட்டாதே’ என்று சொல்லாத வீடு உண்டா?

என் பெரியம்மா ஒருவர் பெரியப்பாவிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. மனம் நொந்த நாளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, “எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லிப் பாயை விரித்துவிடுவார். மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அடுப்படியில் நின்றபடியே சட்டியில் இருந்ததையெல்லாம் அவசர அவசரமாக அள்ளிச் சாப்பிட்டதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் படர்ந்த வெட்கம் இன்னும் மறக்கவில்லை. அவருக்கு நோய் இருந்தது என்று சொல்லவரவில்லை. ஆனால், இந்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த முகம் குறுக்கே வந்து நிற்கிறது.

பசிக்கும் உணர்ச்சிக்கும் உள்ள இந்தக் குழப்பத்தை முதலில் ஆழமாக எழுதியவர் ஹில்டே புரூக். ஜெர்மனியில் பிறந்து, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் மனநல மருத்துவரானவர். பட்டினி கிடந்து உடலை உருக்கிக்கொண்ட இளம்பெண்களுக்குப் பல ஆண்டுகள் சிகிச்சை அளித்த அவர், அவர்களில் பலருக்குத் தங்களுடைய உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையே சொல்லத் தெரியவில்லை என்பதைக் கவனித்தார். பசியா, பயமா, சலிப்பா, கோபமா என்று பிரித்தறிய முடியாத நிலை. 1978இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘தங்கக் கூண்டு’ என்ற பொருள் தருவது. வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி தன்னைத் தங்கக் கூண்டில் அடைபட்ட சிட்டுக்குருவி என்று சொன்னதிலிருந்து பிறந்த பெயர் அது.

குழந்தை குளிரில் அழுதாலும் பயத்தில் அழுதாலும் உடனே பாலை ஊட்டிவிட்டால், எது பசி என்று அது கற்றுக்கொள்ளாமலே போகலாம் என்றும் புரூக் கருதினார். இந்தக் கருத்து பிற்காலத்தில் தாய்மார்கள் மீது பழிபோடப் பயன்பட்டது வருத்தத்துக்குரியது. இரட்டையர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள், இந்த நோய்களில் பரம்பரைக் கூறுக்கும் கணிசமான பங்கு உண்டு என்று காட்டியிருக்கின்றன. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கத்தை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. உணர்ச்சியைப் பெயர் சொல்லி அடையாளம் காண முடியாதவர்களுக்குச் சாப்பாட்டுடன் உள்ள உறவு எளிதில் சிக்கலாகிறது என்ற கவனிப்பு மட்டும் நிலைத்து நிற்கிறது.

‘ஒல்லியாக வேண்டும்’ என்று சொல்லாதவர்கள்

ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையே உணவை மறுக்கும் நோய்க்கு அடையாளம் என்றுதான் மேலை நாட்டுப் பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. ஆசியாவில் இருந்து வந்த ஆய்வுகள் அதை அசைத்துப்பார்த்தன. ஹாங்காங்கைச் சேர்ந்த மருத்துவர் சிங் லீ, உணவை மறுத்து மெலிந்த 70 நோயாளிகளை ஆராய்ந்து 1993இல் எழுதினார். அவர்களில் 41 பேரிடம் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்புசமாக இருக்கிறது, பசிக்கவில்லை என்றே அவர்களில் பலர் சொன்னார்கள். 1995இல் இந்திய மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் ஏறத்தாழ இதே நிலைதான். சாப்பிட மறுப்பு, வாந்தி, மாதவிடாய் நின்றுபோதல் எல்லாம் இருந்தன. தன் உருவத்தைப் பற்றிய கவலை மட்டும் காணப்படவில்லை.

நம் ஊர் மருத்துவமனைகளுக்கு இது மிக முக்கியமான செய்தி. ‘நெஞ்சை அடைக்குது, ரெண்டு வாய்க்கு மேல இறங்கல’ என்று வரும் பெண்ணுக்கு எண்டோஸ்கோப்பி எடுக்கிறார்கள். புண் இல்லை என்றதும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்ற கேள்வி வரிசையிலேயே இருப்பதில்லை. இன்ஸ்டகிராம் பார்க்கும் நகரத்துப் பெண்ணை மட்டுமே நோயாளியாகக் கற்பனை செய்துகொண்டிருந்தால், கிராமத்து மருமகள் கணக்கில் வரவே மாட்டாள்.

பட்டினி மனதை என்ன செய்யும்?

மனம் வாடினால் சாப்பாடு கெடும் என்பது ஒரு பாதி. பட்டினி கிடந்தால் மனமே குலையும் என்பது மறுபாதி. இந்த மறுபாதியை நிரூபித்தவர்கள் ஆண்கள்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பஞ்சத்தில் வாடும் மக்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற அறிவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் உறுதியானவர்கள் என்று பரிசோதித்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள். 1945இல் 24 வாரங்களுக்கு அவர்களுடைய உணவு ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது. உடல் எடையில் கால் பங்கு கரைந்தது.

கூடவே நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. கலகலப்பானவர்கள் முடங்கிப்போனார்கள். எரிச்சலும் சோர்வும் சூழ்ந்தன. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவு. சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். சாப்பாட்டைக் கூட்டிய பிறகும் பலருக்கு நிலை உடனே திரும்பவில்லை. வயிறு நிறைந்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் சாப்பிட்டார்கள். ஒருவர் கோடரியால் தன் கைவிரல்களை வெட்டிக்கொண்டார். வேண்டுமென்றே செய்தேனா தவறிப்போய் நடந்ததா என்று அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கும் பெண் எரிந்து விழுந்தால் ‘பொம்பளை புத்தி’ என்கிறவர்கள் இந்த 36 ஆண்களை நினைத்துப் பார்க்க வேண்டும். உடம்பைப் பட்டினி போட்டால் மனம் இப்படித்தான் ஆகும், யாருடைய உடம்பாக இருந்தாலும்.

இதன் சிறிய வடிவத்தை 1975இல் இன்னொரு சோதனை காட்டியது. உளவியலாளர் பீட்டர் ஹெர்மனும் அவருடைய சகாவும் கல்லூரி மாணவிகளை அழைத்து, சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற மனநிலைதான். விதி ஒருமுறை உடைந்ததும் அணையும் உடைகிறது.

காலையில் வெறும் காபி, மதியம் இரண்டு வெள்ளரித் துண்டு, ராத்திரி பதினோரு மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்று அழுகையோடு சாப்பிடும் பெண்ணுக்கு மனவலிமை இல்லை என்று நாம் சொல்கிறோம். காலையில் தொடங்கிய பட்டினிதான் அந்த ராத்திரியைக் கொண்டுவந்தது.

ஆறுதல் தராத ஆறுதல்

‘மனசு சரியில்லன்னா சாப்பிட்டா ஆறுதலா இருக்கும்’ என்று பலரும் சொல்வார்கள். உண்மையிலேயே ஆறுதல் கிடைக்கிறதா? முன்பெல்லாம் ஆய்வாளர்கள் நோயாளிகளின் நினைவை நம்பியே இதற்குப் பதில் தேடினார்கள். பிறகு கையடக்கக் கருவிகள் வந்தன. அன்றாட வேலைகளுக்கு நடுவே கருவி ஒலித்ததும், அந்த நிமிடத்தில் மனநிலை எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று பெண்கள் பதிவுசெய்தார்கள். நினைவின் திரிபுகள் இதனால் குறைந்தன.

இப்படிப்பட்ட 36 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆலிசா ஹேட்-மாட், பமேலா கீல் ஆகிய இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2011இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவதற்கு முன்னால் மனநிலை மோசமாகிறது என்பது உறுதியானது. சாப்பிட்டு முடித்த பிறகோ அது இன்னும் மோசமாகியிருந்தது. குற்ற உணர்வும் வெட்கமும் அதில் சேர்ந்துகொள்கின்றன. வாந்தியெடுத்த பிறகு மனப்பாரம் சற்றே இறங்குகிறது. அந்த வழக்கத்தை விடுவது அவ்வளவு கடினமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

அப்படியென்றால் ஏன் மறுபடி மறுபடி சாப்பிடுகிறார்கள்? 1991இல் டாட் ஹெதர்டன், ராய் பாமைஸ்டர் இருவரும் முன்வைத்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தன்னைப் பற்றிய நினைப்பே தாங்க முடியாத பாரமாகும்போது, மனம் அதிலிருந்து தப்பி, வாயில் இருக்கும் உணவின் சுவை, அடுத்த கவளம் என்ற குறுகிய வட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. அந்தச் சில நிமிடங்கள் அவமானம் மறந்திருக்கிறது. தட்டு காலியானதும் அவமானம் வட்டியோடு திரும்புகிறது.

‘இளைச்சுட்டியே’ என்ற சொல்

ஆமாம், காட்சி ஊடகங்களுக்குப் பங்கில்லாமல் இல்லை. அதற்குத் தெளிவான சான்று பிஜித் தீவிலிருந்து வந்தது. நன்றாகச் சாப்பிடுவதையும் திடமான உடலையும் கொண்டாடிய சமூகம் அது. யாராவது மெலிந்தால் ஊரே கவலைப்படும். அங்கே நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதில் ஒருமுறையும் மூன்று ஆண்டு கழித்து ஒருமுறையும் அமெரிக்க ஆய்வாளர் ஆன் பெக்கர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் ஆய்வு நடத்தினார். உணவுப் பழக்கக் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். எடையைக் குறைக்க வாந்தியெடுத்ததாகச் சொன்னவர் 1995இல் ஒருவர்கூட இல்லை, 1998இல் 11.3 சதவீதம்.

‘என்னடி இப்படி இளைச்சுப்போயிட்டே?’ என்பது நம் ஊரிலும் கவலையின் சொல்லாகவே இருந்தது. ஊரிலிருந்து வரும் அத்தை வாசலிலேயே அதைக் கேட்டுவிட்டு, இரண்டு நாளில் தேற்றிவிட வேண்டும் என்று சமையலறைக்குள் போவார். இன்று அதே சொல் பாராட்டாக மாறிவிட்டது. ‘வெயிட் போட்டுட்டே’ என்பது குசலம் விசாரிப்பதாக மாறிவிட்டது. கல்யாண வீட்டில் ஐந்து பேர் அடுத்தடுத்து இதைச் சொன்ன பிறகு பந்தியில் உட்காரும் பெண்ணின் மனநிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

2025 நவம்பரில் சென்னையில் நடந்த ஒரு திரைப்படச் செய்தியாளர் சந்திப்பில், நடிகை கௌரி கிஷனின் எடையைப் பற்றிக் கேள்வி எழுப்பப்பட்டதும் அதை அவர் அங்கேயே கண்டித்ததும் பரவலாகப் பேசப்பட்டது. அவருக்கு ஒலிவாங்கி இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவிக்கு அது இல்லை. அவள் கையில் இருப்பது ஒரு செல்பேசி. இன்ஸ்டகிராம் நிறுவனத்தின் சொந்த ஆய்வே, மூன்றில் ஒரு வளரிளம்பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிய மனக்குறையை அந்தச் செயலி மோசமாக்குகிறது என்று கண்டறிந்திருந்ததை 2021இல் கசிந்த ஆவணங்கள் காட்டின.

ஏன் பெண்கள்?

ஆண்களுக்கும் இந்த நோய்கள் வருகின்றன. ஆனாலும் பாதிக்கப்படுவோரில் பெண்கள் மிகுதி. உடலியல் காரணங்களும் உண்டு. மாதவிடாய்ச் சுழற்சியின் ஹார்மோன் ஏற்ற இறக்கங்களோடு அடக்க முடியாத சாப்பாட்டு வேட்கை கூடிக் குறைவதை மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெல்லி கிளம்ப் குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இனிப்பைத் தேடும் பெண்ணைக் கேலிசெய்வோர் இதை அறிந்துகொள்வது நல்லது.

ஆனால், உடலியலோடு விஷயம் முடிவதில்லை. ஆணின் கோபத்துக்கு வீட்டில் இடம் உண்டு. தட்டைத் தூக்கி எறியலாம், கதவை அறைந்து வெளியே போகலாம். பெண்ணுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. சமைப்பதும் பரிமாறுவதும் அவள். கடைசியில் உட்காருவதும், வீணாகக் கூடாதே என்று மிச்சத்தைச் சாப்பிடுவதும் அவளே. நாள் முழுக்க உணவோடு புழங்கியும் ‘எனக்கு என்ன வேண்டும்’ என்று ஒரு வேளைகூட நினைத்துப் பார்க்காத பெண்கள் எத்தனை லட்சம்! தன் அதிகாரத்துக்குள் இருக்கும் ஒரே பொருள் தன் தட்டுதான் என்ற நிலையில், கோபமும் அங்கேதான் போகும்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21இல் தமிழகப் பெண்களைப் பற்றிச் சொன்ன இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு எடை அதிகம். உடம்பில் சத்தில்லை, எடையும் கூடுதல். இந்தப் பெண்ணிடம் ‘வாயைக் கட்டு’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது மருத்துவமே ஆகாது.

அலட்சியம் செய்யக்கூடிய நோயும் அல்ல. அடிக்கடி வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். பற்களின் எனாமல் அரிக்கும். பட்டினியில் மாதவிடாய் நின்று எலும்பு பலமிழக்கும். உணவை மறுக்கும் அனோரெக்ஸியா நோயால் ஆண்டுக்கு 1,000 பேரில் ஏறத்தாழ 5 பேர் இறக்கிறார்கள் என்றும், அந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்றும் 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது.

உணவைப் பற்றிப் பேசாத சிகிச்சை

இவ்வளவு சொன்ன பிறகு நல்ல செய்தியைச் சொல்லியாக வேண்டும். இந்த நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. பெரும்பாலும் பேச்சு வழியிலான சிகிச்சை.

புலிமியா என்ற நோயை, அதாவது அள்ளிச் சாப்பிட்டு வாந்தியெடுக்கும் நோயை, 1979இல் லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸல் 30 நோயாளிகளைக் கொண்டு விவரித்துப் பெயரிட்டார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் அதற்கான சிகிச்சையை உருவாக்கினார். அதன் முதல் படி எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள்: மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று முறை சிறு தீனி. நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. எடை குறைப்பதற்கு முன்பு பட்டினியை நிறுத்த வேண்டும். அதன் பிறகே எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் கையாளும் பயிற்சி.

அதே ஃபேர்பர்ன் குழு 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட இன்னொரு முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தங்கள் சிகிச்சையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உணவைப் பற்றியோ எடையைப் பற்றியோ பேசாத வேறொரு சிகிச்சையைச் சில நோயாளிகளுக்கு அளித்தார்கள். அங்கே கணவன், தாய், தோழி, இழப்பு, சண்டை என்று உறவுகளைப் பற்றி மட்டுமே பேச்சு. சிகிச்சை முடிந்த நேரத்தில் இது சற்றுப் பின்தங்கியிருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்திருந்தன. உறவுச் சிக்கலைப் பேசித் தீர்த்ததும் சாப்பாடு தானாக வழிக்கு வந்திருக்கிறது.

வளரிளம்பருவத்தினருக்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை வேறு. பெற்றோரைக் குறைசொல்லாமல், பிள்ளையை மறுபடி சாப்பிடவைக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்து, மருத்துவர் பக்கத்தில் நின்று துணைசெய்வது. குடும்பம் கூடி வாழும் நம் சூழலுக்கு இது பொருந்தும்.

என்ன செய்யலாம்?

வீட்டிலிருந்து தொடங்குவோம். மகளின், மருமகளின், தோழியின் உடம்பைப் பற்றிக் கருத்துச் சொல்வதை நிறுத்துவோம். இளைத்தாலும் சரி, பருத்தாலும் சரி. ‘ஏன் சாப்பிடல?’ என்பதற்குப் பதிலாக ‘இன்னைக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்போம். பதில் வராவிட்டாலும் பக்கத்தில் உட்காருவோம். பெண்கள் கடைசியில் சாப்பிடும் வழக்கத்தை விட்டு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரு வேளையாவது வேண்டும். மகள் கோபப்பட்டால் பேசி முடிக்க விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பல வாரம் பட்டினியாக இருந்தவருக்கு வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டுவது உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தத்தில் உப்புகளின் அளவு சட்டென்று சரியும். அவரை முதலில் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும்.

பள்ளிகளில் எடை பார்ப்பதைத் தனியறையில் செய்யட்டும்; எண்ணை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டாம். ஆசிரியர்கள் பட்டப்பெயர் வைப்பதை ஒழுங்குமீறலாகக் கருதி நடவடிக்கை எடுக்க வேண்டும். மதிய உணவை நாள்தோறும் கொட்டும் மாணவியைக் கண்டிக்காமல் ஆலோசகரிடம் அனுப்பட்டும்.

மருத்துவர்களுக்கு: 1999இல் லண்டன் மருத்துவர்கள் உருவாக்கிய ஐந்து கேள்விகள் உள்ளன. வயிறு முட்டிப்போனதாகத் தோன்றி வாந்தியெடுக்கிறீர்களா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப்போனதாகக் கவலைப்படுகிறீர்களா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்தீர்களா, பிறர் ஒல்லி என்று சொல்லும்போதும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா, சாப்பாடே உங்கள் வாழ்க்கையை ஆள்கிறதா. இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மேலும் விசாரிக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்காக ஆறாவது கேள்வியையும் சேர்க்கச் சொல்வேன்: மனசு சரியில்லாத நாளில் சாப்பாடு என்ன ஆகிறது? பசியின்மை, வாந்தி, மாதவிடாய் நின்றுபோதல் என்று வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் இவற்றைக் கேட்க இரண்டு நிமிடம் போதும்.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீடு தேடிச் சென்று பார்க்கப்படுகின்றன. அந்த ஊழியர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள், அடுப்படிவரை செல்லக்கூடியவர்கள். மனநிலை, சாப்பாடு பற்றிய இரண்டு கேள்விகளை அவர்களுடைய படிவத்தில் சேர்த்து, தேவைப்படுவோரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யலாம். புதிதாக ஒரு துறை தொடங்க வேண்டியதில்லை.

விளம்பரங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மாய மருந்துகளின் விளம்பரத்தைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் இடம்பெற்றிருக்கிறது. ஆனாலும் ‘பத்தே நாளில் பத்துக் கிலோ’ பொடிகளும் கஷாயங்களும் தொலைக்காட்சியிலும் செல்பேசியிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழக்குத் தொடர வேண்டும். திருத்தப்பட்ட உடல் படங்களுக்கு அடையாளக் குறிப்பு இட வேண்டும் என்று பிரான்ஸும் நார்வேயும் சட்டம் செய்திருக்கின்றன. இந்திய அரசும் அதைப் பரிசீலிக்க வேண்டும். 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகளை எழுதிக் கொடுக்கும் முன், மேற்சொன்ன ஐந்து கேள்விகளைக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

கடைசியாக, இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுபவராக, சாப்பிட்டதை யாருக்கும் தெரியாமல் வெளியேற்றுபவராக, அல்லது ஒரு வாய் இறங்காமல் தவிப்பவராக நீங்கள் இருந்தால், இது உங்கள் ஒழுக்கக் குறைவு அல்ல. சிகிச்சை உள்ள நோய். நம்பும் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.